முத்துக்குளித்துறையின் பேச்சுத்தமிழ்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஆண்டவர் இயேசு பிடிபட்ட இரவில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் பேதுரு மும்முறை மறுதலித்ததை நாம் ஆண்டுதோறும் பாடுகளின் வாசகத்தில் கேட்கிறோம். அந்நிகழ்ச்சியில் மத்தேயு நற்செய்தியாளர் குறிப்பிடும் சிறிய செய்தி ஒன்று நம் செவிகளில் விழுந்தும் விழாமலும் போய்விடுகிறது. அருகில் நின்றோர், பேதுரு இயேசுவின் கூட்டத்தைச் சேர்ந்தவரே என்று உறுதிப்படுத்த அவருடைய பேச்சையே சான்றாகக் காட்டினர். கலிலேயக் கடலில் வலைவீசிய மீனவர் எருசலேம் நகரில் வாய் திறந்ததும், அவருடைய ஊர் வெளிப்பட்டுவிட்டது.

மனிதர் தம் ஊரை விட்டு வெளியேறலாம். ஊர் அவர்தம் நாவை விட்டு எளிதில் வெளியேறுவதில்லை. நம் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து மேற்படிப்புக்கெனப் பெருநகரம் செல்லும் மாணவர்களும் இதனை அறிவர். முதல் நாளிலேயே அவர்களுடைய பேச்சைக் கேட்டுப் பிறர் புன்னகை செய்கின்றனர். சிலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் அன்று முதல் தம் பேச்சை மறைக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

உலகம் ஒரே சந்தையாக மாறிவரும் இந்நாளில் வட்டார வழக்குகள் யாவும் மறைந்து, எங்கும் ஒரே வகைத் தமிழே நிலவும் என்று கருதுவோர் பலர். அயல்தொடர்பு மிகுந்தால் ஊர்ப்பேச்சு அழியும் என்பது அவர்கள் கணிப்பு. இக்கணிப்பு எந்த அளவுக்குச் சரி என்பதை ஆராய, முத்துக்குளித்துறையை விடப் பொருத்தமான இடம் நமக்குக் கிடைப்பது அரிது. ஏனெனில் இன்று நாம் புதிதாகப் பேசும் உலகத் தொடர்பு, அக்கரைக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுப் பழைமையுடையது.

கடல் கடந்து வந்த தொடர்பு

வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஏழும் முத்துக்குளித்துறையின் பேரூர்களாகப் போற்றப்படுபவை. இக்கரையில் வாழும் பரதவர் சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்றவர்கள். கொற்கை முத்து அக்காலத்திலேயே கடல்கடந்து புகழ்பெற்றிருந்தது. எனவே அயலாரைக் காண்பதும் அவர்களோடு விலைபேசுவதும் இம்மக்களுக்குப் புதியன அல்ல.

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிக்கும் உரிமை குறித்துக் கரையில் பூசல் மூண்டது. பரதவரின் தூதுக்குழு கொச்சி சென்று போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியது. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கரையூர் மக்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் அவர்களுக்கு மறையைக் கற்பிக்க அவர்தம் மொழி அறிந்த குருக்கள் இல்லை. பெயர் மாறியது, செபம் சொல்ல வாய் இன்னும் திறக்கவில்லை.

1542இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தபோது கண்ட நிலை இதுவே. அவர் செய்த முதற்பணி, இரு மொழியும் ஓரளவு அறிந்தோரைத் தூத்துக்குடியில் ஒன்றுகூட்டிச் செபங்களைத் தமிழாக்கச் செய்ததாகும். பின்னர் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஒலித்தபடி தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டிக் கற்பித்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. 1544இல் தம் உடன்உழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே ஒன்றைச் சுட்டுகிறார். விசுவாச அறிக்கையில் 'விசுவசிக்கிறேன்' எனும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நின்றுவிட்டதாம். அதை மாற்றி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே சொல்லுமாறு அவர் பணிக்கிறார். இச்செய்தியைப் படிக்கும்போது பிழையை மட்டும் கண்டு நகைத்துவிட வேண்டா. 'வேண்டும்' என்ற ஏட்டுச் சொல் அங்கில்லை. 'வேணும்' என்ற வாய்ச்சொல்லே இருக்கிறது. கரையோர மக்களின் பேச்சு, ஐரோப்பியரின் கடிதங்களில் அவ்வாறே பதிவாகத் தொடங்கிய காலம் அது.

அச்சேறிய கடற்கரைத் தமிழ்

1554இல் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் செபநூல் ஒன்று அச்சிடப்பட்டது. அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அமைந்திருந்தன. அதனை ஆக்கித் தந்தவர்கள் அங்குச் சென்றிருந்த தமிழர் மூவர். இந்திய மொழிகளுள் அச்சேறியதில் தமிழே முன்நிற்கிறது என்று நாம் பெருமை கொள்ளும்போது, அத்தமிழ் பேச்சு வழக்கை ஒட்டிய தமிழ் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இப்பணியில் தலையாயவர் இயேசு சபைக் குரு அன்றிக்கு அடிகளார். 1546இல் இந்தியா வந்த அவர், 1600இல் இறக்கும்வரை பெரும்பகுதியும் முத்துக்குளித்துறையிலேயே உழைத்தார். மொழிபெயர்ப்பாளர் துணையின்றி மக்களோடு பேச வேண்டும் என்ற வேட்கையால் தமிழைக் கற்றார். கற்றதைப் பிறருக்குப் பயன்படப் போர்த்துகீசிய மொழியில் இலக்கணமாக எழுதினார். புலவர்களின் நூற்பாக்களை விட, கரையில் தாம் கேட்ட பேச்சே அவருக்குப் பெரிதும் ஆதாரமாயிற்று. அக்காலத்தில் மக்கள் எவ்வாறு பேசினர் என்பதை இன்றைய ஆய்வாளர் அறிய அந்நூல் ஓர் அரிய சாளரம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்துள்ளது.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் 'அடியார் வரலாறு' என அன்றிக்கு அடிகளாரின் நூல்கள் தமிழ் எழுத்திலேயே அச்சாயின. அச்சுப்பணிக்கான செலவுக்குப் பரதவ மக்களே பொருளுதவி செய்தனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. தங்கள் நாவில் வழங்கிய மொழி நூலாக வெளிவர, உழைத்துச் சேர்த்த பணத்தை அவர்கள் கொடுத்தனர். தம் பேச்சைத் தாழ்வாக எண்ணிய மக்கள் அவ்வாறு செய்திருப்பரோ?

உயர் தமிழும் ஊர்த் தமிழும்

1606இல் மதுரை சென்ற தத்துவ போதகர் வேறு வழியைத் தேர்ந்தார். அவர் அணுக விரும்பியோர் கற்றறிந்தோர்; ஆகவே வடசொல் கலந்த உயர்நடையைக் கைக்கொண்டார். 'தம்பிரான்' என்ற சொல் பின்வாங்கி, 'சருவேசுரன்' என்ற சொல் நம் முன்னோரின் செபங்களில் நிலைபெற்றது. அவரவர் பணிக்களத்திற்கு ஏற்ப அவரவர் மொழி அமைந்தது. எனினும் இதன் விளைவாக, இறைவனைப் பற்றிப் பேச வீட்டுப்பேச்சை விட உயர்ந்த மொழி வேண்டும் என்ற எண்ணமும் மெல்ல வேரூன்றியது.

இவ்விரண்டையும் ஒருசேர மதித்தவர் வீரமாமுனிவர். 'தேம்பாவணி' பாடிய அப்பெரும்புலவர், செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதோடு அமையவில்லை. மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலத்தீன் மொழியில் தனி இலக்கணம் வகுத்தார். 1728இல் எழுதப்பெற்ற அந்நூல் பின்னர்த் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. 'கொடுந்தமிழ்' என்ற பெயரில் 'கொடுமை' என்பது வளைவையே குறிக்கும். வளைந்ததற்கும் ஒழுங்கு உண்டு, விதி உண்டு, கற்பிக்கத்தக்க இலக்கணம் உண்டு என்று அவர் கண்டது, ஊர்ப்பேச்சைப் 'பிழைத்தமிழ்' என்று ஒதுக்குவோருக்கு அன்றே சொல்லப்பட்ட விடையாகும்.

கடன் வாங்கியும் கரையாத மொழி

இத்தனை நெருங்கிய அயல்தொடர்பால் கரையோரத் தமிழ் என்ன ஆயிற்று? சொற்கள் வந்தன. மேசை, சாவி, சன்னல், அலமாரி, கோப்பை, பீப்பாய், ஏலம், குசினி, மேஸ்திரி, பாதிரி ஆகியவை போர்த்துகீசியம் தந்தவை. அன்னாசியும் பப்பாளியும் கொய்யாவும் கனியோடு பெயரையும் கொண்டுவந்தன. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 'துட்டு' முதலிய சொற்களை விட்டுச் சென்றனர். இவற்றுள் பல கடற்கரையோடு நில்லாமல் தமிழகம் முழுவதும் பரவி, அயற்சொல் என்ற நினைவே எழாதபடி கலந்துவிட்டன.

பெயர்களும் வந்தன. பர்னாந்து, ரொட்ரிகோ, மிராண்டா, கோமஸ், மச்சாது, மோத்தா என்னும் குடிப்பெயர்கள் இன்றும் கரையெங்கும் ஒலிக்கின்றன. தூத்துக்குடியின் பனிமய அன்னையைத் 'தஸ்நேவிஸ் மாதா' என்று மக்கள் அழைப்பதும் போர்த்துகீசிய வழக்கே. அம்மொழியில் 'தஸ் நேவிஸ்' என்றால் 'பனிகளின்' என்பது பொருள். பனியையே காணாத கடற்கரையில் அச்சொல் அன்னையின் பெயராகி, பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயராகவும் ஆயிற்று.

ஆனால் கடலைப் பற்றிய மொழி மாறவில்லை. ஐரோப்பியர் பெருங்கப்பலோட்டிகள், எனினும் காற்றின் பெயரைப் பரதவர் அவர்களிடம் கேட்கவில்லை. வடகாற்று வாடை, கீழ்க்காற்று கொண்டல், தென்காற்று சோழகம், மேல்காற்று கச்சான் என்றே கரையில் வழங்கின. வாடையும் கொண்டலும் சங்கப் புலவர் ஆண்ட சொற்கள். கற்றோர் ஏட்டில் மட்டும் காணும் சொல்லை, ஏடறியாத மீனவர் அன்றாடம் புழங்கினர். கடலடிப் பாறைத்திட்டு 'பார்' எனப்பட்டது; முத்துச்சிப்பி விளையும் இடமும் அதுவே. நீரோட்டம் 'நீவாடு' ஆயிற்று. துள்ளிச் செல்லும் கடற்பன்றி 'ஓங்கல்' ஆயிற்று. தோணியைச் செலுத்தும் தலைவர் 'தண்டல்' என அழைக்கப்பெற்றார்.

இங்கு ஒரு முறைமை தெரிகிறது. வீட்டுப்பொருள், வாணிகம், வழிபாடு ஆகியவற்றில் பிறமொழிச் சொற்கள் தாராளமாக இடம்பெற்றன. உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் தொழிலில் மட்டும் முன்னோர் சொல்லே நின்றது. எதை ஏற்பது, எதை விடாது காப்பது என்பதை எவரும் சட்டமிட்டுச் சொல்லவில்லை. தாங்கள் யார் என்ற தெளிவு அம்மக்களுக்கு இருந்தது; அத்தெளிவே மொழிக்கும் வேலியாயிற்று.

இரு அயற்கரைகளின் சான்று

மொழியைக் காப்பது சமயமோ தொழிலோ தனித்து அன்று என்பதற்கு, மன்னார் வளைகுடாவைக் கடந்தால் வேறொரு சான்று கிடைக்கிறது. இலங்கையின் மேற்குக் கரையில் நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை வாழும் கத்தோலிக்க மீனவருள் பலர், 19ஆம் நூற்றாண்டில் தமிழ் பேசியோர். அவர்களுக்கும் அதே திருச்சபை, அதே கடல், அதே வலை. ஆயினும் 20ஆம் நூற்றாண்டில் பங்குப் பள்ளிகளும் வழிபாடும் சிங்களத்திற்கு மாறின. மக்களும் தம்மைச் சிங்களவராகவே கருதலாயினர். இன்று பெரும்பாலோர் பேசுவது சிங்களமே. நீர்கொழும்பு மீனவர் சிலரின் குடும்பங்களில் மட்டும் தமிழ் இன்னும் ஒலிக்கிறது. அதுவும் சிங்களத்தின் சாயலில் மிகவும் மாறி, வினைமுற்றில் நாம் காட்டும் திணை, பால், எண் வேறுபாடுகளைப் பெரிதும் இழந்துவிட்டதாக மொழியியலார் கூறுவர். மக்கள் தம்மை யார் என்று எண்ணுகிறார்களோ, அவ்வழியே மொழியும் திரும்புகிறது.

இவ்வுண்மையை அறிவியல் முறைப்படி முதலில் அளந்து காட்டியவர் அமெரிக்க மொழியியலார் வில்லியம் லபோவ். அவர் ஆராய்ந்ததும் மீனவர் வாழும் ஒரு கரையையே. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தை ஒட்டிய மார்த்தாஸ் வினியார்டு என்னும் அச்சிறு தீவில் 1960ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 5,500 பேரே நிலையாக வாழ்ந்தனர். கோடைக்காலத்தில் மட்டும் 40,000க்கும் மேற்பட்ட வெளியூரார் வந்து குவிந்தனர். அவ்வளவு கலப்பில் தீவின் பேச்சு மறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. தீவினர் 69 பேரிடம் உரையாடி, 1963இல் லபோவ் தம் முடிவை வெளியிட்டார். தீவிலேயே வாழ உறுதிகொண்டோரிடம், குறிப்பாகச் சில்மார்க் என்னும் ஊரின் மீனவரிடம், சில உயிரொலிகளின் தீவு உச்சரிப்பு வலுத்திருந்தது. தீவை விட்டுச் செல்ல விரும்பியோரிடம் அது மிகவும் குறைந்திருந்தது. வெளியார் வருகை ஊர்ப்பேச்சை அழிக்கவில்லை. ஊரின்மேல் பற்றுடையோரிடம் அதனை மேலும் கூர்மையாக்கியது.

இன்று நம்முன் நிற்பவை

அவ்வாறாயின் நம் கடற்கரைப் பேச்சைப் பற்றிக் கவலைகொள்ள இடமில்லையா? உண்டு. இன்றைய மாற்றம் முன்னையது போன்றதன்று. முன்னர் வந்த தொடர்பு புதுப்பொருளுக்குப் புதுச்சொல் தந்தது. இன்று தொழிலின் உள்ளேயே மாற்றம் புகுந்துள்ளது. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் மலைமுகட்டையும் நேர்பார்த்து, கடலுக்குள் ஒரு பாரின் இடத்தைக் குறித்த கலையை இன்று கைக்கருவி செய்துவிடுகிறது. உழைப்பு எளிதாயிற்று, அதனை நாம் குறைகூறோம். ஆனால் பார்களின் பெயர்களையும் நீவாட்டின் வகைகளையும் அறிந்த முதியோர் மறையும்போது, அவர்களோடு மறைவது சொற்கள் மட்டுமன்று. கடலைப் பற்றிய தலைமுறை அறிவே மறைகிறது.

வழிபாட்டு மொழியும் மாறியுள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் தாய்மொழி பீடத்தில் ஏறியது நாம் பெற்ற பெரும்பேறு. தொடர்ந்து 'பூசை' திருப்பலியாயிற்று, 'நன்மை' நற்கருணையாயிற்று, 'ஞானஸ்நானம்' திருமுழுக்காயிற்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பால் இராயப்பர் பேதுருவாகவும் சின்னப்பர் பவுலாகவும் நம் செவிகளில் நிலைபெற்றனர். தூய தமிழும் கிறிஸ்தவ ஒற்றுமையும் இதனால் வளர்ந்தன, ஐயமில்லை. எனினும் "நன்ம வாங்கினியா?" என்று பேரனைக் கேட்கும் பாட்டியின் சொல் தவறன்று. பல தலைமுறைகளின் விசுவாசம் அச்சொல்லில் தங்கியிருக்கிறது. புதியதைக் கற்பிக்கும்போது பழையதை நாணச் செய்தல் மறைக்கல்வி ஆகாது.

நாணமே உண்மையான பகை. வகுப்பறையில் ஏளனத்துக்கு ஆளான பிள்ளை வீடு திரும்பித் தாயின் பேச்சைத் திருத்தத் தொடங்குகிறது. தாயும், பிள்ளை முன்னேறட்டும் என்று தன் பேச்சை அடக்கிக்கொள்கிறாள். ஒரு தலைமுறைக்குள் அவ்வீட்டில் ஊர்த்தமிழ் அடங்கிவிடுகிறது. போர்த்துகீசியராலும் ஒல்லாந்தராலும் ஆங்கிலேயராலும் ஆகாதது, ஏளனச் சிரிப்பொன்றால் ஆகிவிடுகிறது.

இதற்கு எதிரான நம்பிக்கைக் குறிகளும் உள. 1977இல் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவல் கடற்கரைக் கிறிஸ்தவ மீனவரின் வாழ்வைத் தமிழ் வாசகருக்குக் காட்டியது. கரையிலேயே பிறந்த ஜோ டி குரூஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு' நாவலில் பரதவர் பேச்சை அதன் முழு வலிமையோடு எழுதினார். அவருடைய 'கொற்கை' 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் நம் இளைஞர், பணியிடத்தில் ஆங்கிலம் பேசினும், தொலைபேசியில் ஊரை அழைத்ததும் ஊர்த்தமிழுக்குத் திரும்பிவிடுகின்றனர். தொலைவு அவர்களுக்கு ஊரை அருமையாக்கியுள்ளது.

நாம் செய்யத்தக்கது

பொதுத்தமிழ் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. நூலுக்கும் பள்ளிக்கும் பிறவட்டாரத்தாரோடு உரையாடுவதற்கும் அது இன்றியமையாதது. ஒரே மனிதர் இரண்டையும் ஆளலாம். வீரமாமுனிவர் இரண்டுக்கும் இலக்கணம் எழுதினார் என்பதை நினைவிற் கொள்வோம். இடமறிந்து இரு வழக்கையும் பேசும் பிள்ளை, ஒன்றை மட்டும் அறிந்த பிள்ளையை விடச் செல்வமுடையது.

நம் பங்குகளில் இதற்கெனப் பெருமுயற்சி எதுவும் தேவையில்லை. இளையோர் குழுவினர் ஒரு குறிப்பேட்டோடு முதியோரிடம் சென்று, காற்றின் பெயர்களையும் மீன்களின் பெயர்களையும் பார்களின் பெயர்களையும் பழைய செபங்களையும் கேட்டு எழுதலாம். அவர்கள் குரலையே பதிவு செய்யலாம். அன்றிக்கு அடிகளார் வந்த வேளையில் செய்தது ஏறக்குறைய இதுவே. அயல்நாட்டவர் ஒருவர் கேட்டு எழுதிய நம் பாட்டன்மாரின் பேச்சை, பேரப்பிள்ளைகளாகிய நாம் கேட்டு எழுத நாணலாமா?

தலைமைக் குருவின் முற்றத்தில் தம் பேச்சு தம்மைக் காட்டிவிட்டதே என்று அஞ்சி, ஆண்டவரையே மறுதலித்தார் பேதுரு. ஐம்பதாம் நாளில், பன்னாட்டு மக்கள் கூடிய அதே எருசலேமில் அவர் எழுந்து நின்று உரக்கப் பேசினார். பேசுவோர் அனைவரும் கலிலேயர் அல்லரோ என்று கூட்டத்தார் வியந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் குறிக்கிறது. தூய ஆவியார் அவருக்குத் துணிவைத் தந்தார்; கலிலேயப் பேச்சை அவரிடமிருந்து எடுத்துவிடவில்லை. அம்மீனவரின் நாவிலேயே நற்செய்தி உலகை நோக்கிப் புறப்பட்டது.